இருநூற்று எண்பத்தாறில் தொடங்கும் நாடா

முதலில் வானொலி:
உள்ளங்கையில் அடங்கும் சீனச் சரக்கு,
இருபத்திரண்டாயிரம் பெசோ.
சால்மன் ஆலையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்
முள் உருவிய கூலி.

அக்கா கணவர் எலூத்தேரியோ பார்த்துவிட்டுச் சிரித்தார்.
அவர் வீட்டுக் கொல்லையில் பதினெட்டு மீட்டர்க் கோபுரம்.
"எட்டு லட்சம் இல்லாமல் இதில் கால் வைக்காதே, நேலிதா.
பொம்மைக்கு உரிமம் எதற்கு?"

பொம்மை மூன்று வாரம்
பொம்மையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.
காஸ்த்ரோ முழுக்கக் குன்றுகள்.
குன்றுக்கு இந்தப் பக்கம்
நான், மழை, தகரக் கூரை.
இரைச்சலின் அடியிலிருந்து ஒருநாள்
டாக்சிக்காரன் யாரோ வெங்காய விலை சொன்னான்.
அதுவும் பாதி.

குறை பெட்டியில் இல்லை, அதன் குட்டை வாலில் என்று
புரிய எனக்கு ஒரு மாதம்.
குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய்,
செத்துப்போன சலவை இயந்திரத்தின் குழாய்க் கவ்விகள் நான்கு,
பணம் கட்டாததால் ஊமையான
கேபிள் டிவி ஒயர் ஆறு மீட்டர்.
இனி வேண்டியது
வளைந்தாலும் நிமிர்கிற எஃகு.

தச்சர் ரெமிஹியோ
ஜன்னல் அளக்க வந்தவர்
ஐந்து மீட்டர் நாடாவை மேசைமேல் விட்டுப் போயிருந்தார்.

பின்னால் நிற்பது நூற்றைந்து சென்டிமீட்டர்.
நடுவில் இரண்டு துண்டு, நாற்பத்தாறு நாற்பத்தாறாக.
முன்னால் எண்பத்தொன்பது.
கோழி வெட்டும் கத்தரியில் வெட்டினேன்.
மஞ்சள் வண்ணத்தைச் சுரண்டும்வரை ஈயம் ஒட்டவில்லை.
சுரண்டியபோது நாடா துள்ளி விரலைக் கீறியது.
மீன் கத்தி விட்டுவைத்திருந்த ஒரே விரல்.

எங்கள் வீடு கடலுக்குள் மரக்கால் ஊன்றி நிற்கிறது.
பின்பக்கப் பலகைத் தளத்தில், வற்றிய சேற்றின் மேல்,
இரவு எட்டு நாற்பதுக்கு
நாடாவைத் தூக்கிப் பிடித்தேன்.
வரவேண்டியது காலணிப் பெட்டி அளவுச் செயற்கைக்கோள்.
வந்தது ரெமிஹியோ.

"என் நாடா எங்கே?"

பதில் சொல்ல நேரமில்லை.
வடமேற்கில் இரைச்சல் கிழிந்து
பத்துப் பேர் ஒரே வாசலில் முண்டுகிற சத்தம்.
எண்ணைப் பிடித்தால் குரல் நழுவுகிறது,
குரலைப் பிடித்தால் எண் நழுவுகிறது.
சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்களே,
இங்கே சறுக்குவது வானம்.
"இதைப் பிடியுங்கள், அந்த விளக்குக் கம்பத்துக்கு மேலே,
மெதுவாக வலப்பக்கம்" என்றேன்.
கோபத்தோடேயே பிடித்தார்.
தச்சர் கை, நடுங்கவில்லை.

பொத்தானை அழுத்தி என் அழைப்புக்குறியைச் சொன்னேன்.
ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை.
மூன்றாம் முறை ஒரு பெண்,
அடுப்படியிலிருந்து பேசுவதுபோல்:
"தெளிவாகக் கேட்கிறது. ரொசாரியோ நகரம், என் பெயர் கிரிசெல்தா.
என்ன கருவி வைத்திருக்கிறீர்கள்?"

வெட்கமாக இருந்தது.
எலூத்தேரியோவின் கோபுரம் கண்முன் வந்து நின்றது.
"ஐந்து வாட்" என்றேன்.
"ஆன்டெனா... ஒரு அளவு நாடா."

கோள் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.
கேட்டாளோ கேட்கவில்லையோ.
சிரித்திருப்பாளோ,
அவள் கையிலும் ஒரு நாடாதானோ,
தெரியாது.
தளத்தில் மழை மட்டும்.

வானத்தை வில்லாய் வளைப்பவர்கள் கோபுரம் கட்டட்டும்.
எனக்கு வாய்த்தது ஏழு நிமிடம்,
அதில் ஆறு நிமிடம் தடுமாற்றம்.

ரெமிஹியோ கையை இறக்கவில்லை.
"ரொசாரியோ எவ்வளவு தூரம்?"
"ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல்."
தன் நாடாவில் இன்னும் தெரிந்த எண்களை
ஒருமுறை தடவிப் பார்த்தார்.
"இது ஐந்து மீட்டர்தானே" என்றார்.

மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
இருநூற்று எண்பத்தாறில் தொடங்குகிறது.
புதியது வாங்கித் தருவதாகச் சொல்லியும் கேட்கவில்லை.
இப்போது ஊரில் யார் வீட்டுக் கதவை அளந்தாலும்
உதட்டுக்குள் கழித்தல் கணக்குப் போடுகிறார்.
போன வாரம் தப்பாகக் கழித்து
பாதிரியார் வீட்டு ஜன்னல்
ஒரு விரல்கடை சின்னதாகிவிட்டது.
காற்று உள்ளே வருகிறதாம்.

என் கணக்கு நோட்டில் நாடாவுக்கு நேரே
விலை எழுதவில்லை.
'கடன்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.